சத்தமில்லாத கேமரா

கையை எடுங்க மொதல்ல. லென்ஸ் மேல விரல் படப்படாது. பட்டுதுன்னா அப்பறம் அதுல படம் வராது, உங்க ரேகைதான் வரும். உக்காருங்க அம்மிணி. அந்தச் சேர்ல வேண்டாம், அதுக்கு ஒரு கால் ஆட்டம். இதுல உக்காருங்க.

ஆமாங்க, விக்கறதுதான். வெளம்பரத்துல போட்டது இதேதான். புதுசு மாதிரி இருக்குதுங்கறீங்க. புதுசேதானுங்க. ரெண்டு கச்சேரி எடுத்தேன், அதோட பெட்டியில போட்டு மூடிட்டேன். என்ன கொறைன்னா கேக்கறீங்க? ஒரு கொறையும் இல்லை. எனக்கும் அதுக்கும் ஒத்துப் போகலை, அவ்வளவுதான். இதுக்கு மேல துருவித் துருவிக் கேக்கப்படாது.

வெலையெல்லாம் அப்பறம் பேசலாம். எதுக்கு எடுக்கப் போறீங்கன்னு சொல்லுங்க. என்ற கையில இருந்த பொருளு யாரு கைக்குப் போகுதுன்னு எனக்குத் தெரியோணும். கல்யாணமா, காதுகுத்தா?

கச்சேரியா!

சரித்தான். சிரிக்கலைங்க, நான் எதுக்குச் சிரிக்கறேன். "இருட்டுல நல்லா எடுக்கற கேமரா எதுங்கண்ணா"ன்னு கேட்டுட்டு மாசத்துக்கு ஒருத்தராச்சும் இந்த ஸ்டூடியோப் படியேறி வர்றாங்க. எல்லாருக்கும் ஒரு நெனப்பு, கேமராவுல ஏதோ பட்டன் இருக்குது, அதை அமுத்துனா இருட்டு வெலகிரும்னு. இருட்டு என்னைக்குங்க கஷ்டமா இருந்துது? பூட்டுன கடையை எடுக்கச் சொல்லுங்க, ஒத்தைத் தெருவெளக்குல எடுத்துத் தர்றேன். கடை ஆடாது. பாட்டுக்காரங்க ஆடுவாங்க. கை போகும், கழுத்து போகும், வயலின்காரரு வில்லு போகும். ஷட்டரை மெதுவாத் தொறந்தீங்கன்னா கையெல்லாம் கரைஞ்சு மாவாட்டம் வரும். வேகமாத் தொறந்தீங்கன்னா வெளிச்சம் பத்தாம மூஞ்சி கருத்துப் போகும். சரி, கேமரா வெளிச்சத்தை வாங்கற தெறன், அந்த ஐஎஸ்ஓவை ஏத்துவோம்னு ஏத்துனா மூஞ்சி பூராவும் ரவை தூவுன மாதிரி பொரி தட்டும். அதுக்குத்தான் வாய் அகலமான லென்ஸ் வேணுங்கறது. அதுக்குத்தான் உள்ள இருக்கற சென்சாரு பெருசா இருக்கோணுங்கறது. இதெல்லாம் கடைக்காரனே சொல்லுவான். நீங்களும் போனுல பாத்துட்டுத்தான் வந்திருப்பீங்க. தலையை ஆட்டறீங்க. பாத்திருக்கறீங்க. சந்தோசம்.

ஆனா ஒருத்தரும் சத்தத்தைப் பத்திக் கேக்கறதில்லை அம்மிணி. வெளிச்சம், வெளிச்சம், வெளிச்சம். காது ஒண்ணு இருக்கறதே மறந்து போயிருது. என்ற பழைய கேமரா இருந்துது பாருங்க, அது பட்டனை அமுத்துனா உள்ள ஒரு கண்ணாடி மேல எந்திரிச்சு மறுபடி கீழ விழுகும். "டக்"குன்னு ஒரு சத்தம். கல்யாண வீட்டுல அது காதுலயே விழுகாது. கச்சேரியில, பாட்டுக்காரங்க கண்ணை மூடி உருகிப் பாடிட்டு இருக்கறப்ப "டக்"குன்னா, முன்னாடி வரிசை பூராவும் திரும்பி நம்மளைக் கொலைகாரனைப் பாக்கற மாதிரி பாக்கும். அப்ப என்ன பண்றது? மத்தவனெல்லாம் கண்ட எடத்துல அமுத்துவான், திட்டு வாங்குவான். நான் சமத்துல அமுத்துவேன்.

சமம் தெரியுமில்ல? தாளம் ஒரு சுத்துச் சுத்தி வந்து மறுபடி மொதல் தட்டு விழுகற எடம். அந்த எடத்துல மிருதங்கத்துல கனமா ஒரு அடி விழுகும், "தொம்"முன்னு. அந்த அடிக்குள்ள என்ற "டக்"கை ஒளிச்சு வெச்சிருவேன். ஒருத்தருக்கும் தெரியாது. இருவது வருசத்துக்கு மேல இப்படித்தான் எடுத்தேன். கோயமுத்தூருல இது என்ற ஒருத்தனாலதான் முடியும். பெருமைக்குச் சொல்லலை. சரி, பெருமைக்குத்தான் சொல்றேன், அதுல என்ன தப்பு.

யாரு கச்சேரிக்குப் போறீங்க?

யாரு?

எந்திரிங்க. எந்திரிங்க அம்மிணி, கேமரா விக்கறதுக்கு இல்லை. விஜயகௌரி கச்சேரிக்கு என்ற கேமரா போகாது. சனிக்கெழமை இல்லை, என்னைக்கும் போகாது. வேற எடம் பாத்துக்கங்க.

சபையில உங்களைக் கூப்பிட்டாங்களா? யாரு, செகரட்டரி வெங்கிடபதியா? இங்க கேமரா இருக்குதுன்னு அவருதான் சொன்னாரா? இல்லையா? வெளம்பரம் பாத்து நீங்களாத்தான் வந்தீங்களா? நம்பறேன். நம்பித்தானே கெட்டேன்.

சித்தெ நில்லுங்க. உக்காருங்க. எங்கிருந்தோ வந்த புள்ளை, உங்க மேல எனக்கென்ன. ஆனா அந்தம்மா எப்பேர்ப்பட்டவங்கன்னு தெரிஞ்சுக்கிட்டே போங்க. நாளைக்கு உங்களுக்கும் இதே கதி வந்தா, அன்னைக்கு சென்னியப்பன் சொன்னானேன்னு நெனைச்சுக்குவீங்க.

விஜயகௌரிக்கு மொதல் மேடையில இருந்து படம் எடுத்தவன் நான். அப்ப அவங்களுக்கு மேடையில எங்க பாக்கறதுன்னே தெரியாது. இன்னைக்குப் பேப்பர்ல, நோட்டீசுல, சீடி அட்டையில எங்க பாத்தாலும் இருக்கற அந்தப் படம், கொஞ்சம் தலையைச் சாய்ச்சு சிரிச்சிட்டு இருப்பாங்களே, அது யாரு எடுத்தது? நான் எடுத்தது. ஏன் சிரிக்கறாங்கன்னு தெரியுமா? அது சமத்துல எடுத்த படம். பாடிட்டு வந்து சமத்துல எறங்குனவுடனே அந்தம்மா டபக்குன்னு மிருதங்கத்துப் பக்கம் திரும்புவாங்க. மிருதங்கம் அவங்க வீட்டுக்காரரு, சிவக்கொழுந்து. ரெண்டு பேரும் ஒருத்தரை ஒருத்தர் பாத்துச் சின்னதா ஒரு சிரிப்பு. ஒரு நொடிகூட இருக்காது. அந்த நொடியை நான் புடிப்பேன். இருவது வருசமாப் புடிச்சேன். அந்தச் சிரிப்பு இல்லைன்னா அவங்க மூஞ்சியில என்னங்க இருக்குது, சும்மா ஒரு டீச்சரு மாதிரி இருப்பாங்க.

சிவக்கொழுந்து தங்கமான மனுசன். அவரை நான் ஒரு சொல்லு சொல்ல மாட்டேன். கச்சேரி முடிஞ்சு மிருதங்கத்துக்கு உறை போட்டுக்கிட்டே, "ஏனுங்கண்ணா, இன்னைக்குப் பல்லவியில ஒருக்கா முந்திட்டீங்க போல இருக்குதே"ம்பாரு. ஊருல ஒருத்தருக்கும் கேக்காத என்ற சத்தம் அவருக்கு மட்டும் கேக்கும். "நீங்களும் ஒரு பக்கவாத்தியந்தானுங்க, தப்பா அடிச்சீங்கன்னா எனக்குத் தாளம் போயிரும்"னு ஒருநாள் சொன்னாரு. வெளையாட்டுக்குச் சொன்னாருன்னு என்ற சம்சாரம் சரசு சொல்லுவா. வெளையாட்டெல்லாம் இல்லை. வித்துவான் வாயில வந்த சொல்லு. அவரே என்னைப் பக்கவாத்தியம்னு ஒத்துக்கிட்டாரு.

அவரு போன ஐப்பசியில தவறிட்டாரு. நெஞ்சுவலி. மிருதங்கத்தை வெச்சுச் சாதகம் பண்ணிட்டு இருந்தவரு அப்படியே சாஞ்சிட்டாருன்னாங்க. எனக்கு அன்னைக்குக் கல்யாண ஆர்டர், பெருந்துறையில. முகூர்த்தத்தை விட்டுப்போட்டு ஓடி வர முடியுங்களா? தொழில் அப்படி. அப்பறம் துக்கம் கேக்கப் போலாம்னா சரசு ஒருநாள் சொல்லுவா, அன்னைக்குச் செவ்வாக்கெழமையா இருக்கும். மறுக்காச் சொல்லுவா, வெள்ளிக்கெழமையா இருக்கும். ஆகாத நாள்ல போகப்படாதில்ல? அப்படியே தள்ளிப் போயிருச்சு. அதுக்காக எனக்கு வெசனம் இல்லைன்னு அர்த்தமா? கச்சேரியிலதான் பாக்கப் போறமே, அப்பப் பேசிக்கலாம்னு இருந்தேன்.

மார்கழி வந்துது. அந்தம்மா இந்த வருசம் பாட மாட்டாங்கன்னுதான் எல்லாரும் நெனைச்சோம். பாடறேன்னுட்டாங்க. சரி, சந்தோசம். ஆனா ஒரு கோக்குமாக்கு பண்ணுனாங்க பாருங்க. மிருதங்கம் வேண்டாம்னுட்டாங்க. வெங்கிடபதி நல்ல நல்ல ஆளு பேரெல்லாம் சொல்லிப் பாத்திருக்கறாரு. வேண்டாங்க, வயலினும் தம்புராவும் போதும், தாளத்தை நானே தொடையில போட்டுக்கறேன்னுட்டாங்க. மிருதங்கம் இல்லாம ஒரு கச்சேரியா? சபைக்காரங்களும் தலையை ஆட்டிட்டாங்க. இதுல இன்னொண்ணு, மேடை லைட்டைப் பாதிக்கு மேல அணைக்கச் சொல்லிட்டாங்க. கண்ணு கூசுதாம். இத்தனை வருசமாக் கூசாத கண்ணு அன்னைக்கு மட்டும் எப்படிங்க கூசும்? எனக்கு வந்துது பாருங்க கோவம். இங்க ஒருத்தன் படம் எடுக்கறான், அவன் எப்படி எடுப்பான்னு ஒரு நிமிசம் ரோசனை பண்ணுனாங்களா? ஒரு வார்த்தை கேட்டாங்களா?

இருந்தாலும் நான் தொழில்காரன். ஐஎஸ்ஓவை ஏத்துனேன், லென்ஸை முழுசாத் தொறந்தேன், என்ற எடத்துல போய் உக்காந்தேன். மொத வரிசைக்கும் மேடைக்கும் நடுவுல, ஓரமா, தரையில. அது என்ற எடம். வேற எவனும் அங்க உக்கார மாட்டான்.

மிருதங்கம் இல்லையே, சத்தத்தை எங்க ஒளிச்சு வெப்பீங்கன்னுதானே பாக்கறீங்க? நல்ல கேள்வி. மிருதங்கம் இல்லைன்னா என்னங்க, தாளம் இருக்குதில்ல? சமம் எங்க ஓடிப் போச்சு? நான் பாட்டுக்கு எப்பவும் போல சமத்துலயே எடுத்தேன். எல்லாரும் மூச்சுக்கூட விடாம உக்காந்திருக்கறாங்க. "டக்." ஒரு சுத்து. மறுபடி "டக்." அச்சு அசலா, மயிரெழை பெசகாம. பக்கத்துல இருந்தவங்க ரெண்டு மூணு பேரு திரும்பி மொறைச்சாங்க. நானும் மொறைச்சேன். தாளம் தெரியாத ஆகாவழிகளுக்கு நான் எதுக்குப் பயப்படோணும்?

அந்தம்மாவும் எப்பவும் போல சமத்துல அந்தப் பக்கம் திரும்புனாங்க. அதாங்க, மிருதங்கத்துப் பக்கம். அங்க யாரு இருக்கறா? ஒருத்தரும் இல்லை, வெறும் மேடை, ஒரு சமுக்காளம். மொதல் சுத்துல திரும்பலை. என்ற "டக்" விழுந்ததுக்கு அப்பறந்தான் திரும்புனாங்க. அப்பறம் ஒவ்வொரு சுத்துலயும். படத்துல பாதி எடம் காலியா விழுகுது. சிரிப்பும் இல்லை, மூஞ்சி ஒரு மாதிரி இருக்குது. என்னடா இது, ஃபிரேமே சரியில்லையேன்னு நான் நகர்ந்து நகர்ந்து பாத்தேன். எப்படி நகர்ந்தாலும் அந்தக் காலி எடம் உள்ள வந்துருது. இன்னும் கொஞ்சம் கிட்டப் போனேன். கிட்டப் போய் ஒண்ணு எடுத்தேன்.

அப்ப நிறுத்துனாங்க பாருங்க.

பாட்டுக்கு நடுவுல. பாதி வரியில. தாளம் போட்ட கை தொடை மேல அப்படியே நிக்குது. வயலின்காரரு ஒரு இழுப்பு இழுத்துட்டு அவரும் நிறுத்திட்டாரு. தம்புரா மட்டும் ஓடுது. அந்தம்மா என்ற பக்கம் திரும்பி, மைக்குல, நல்லாக் கேக்கற மாதிரி, "போதும்"னாங்க.

"போதும்."

ஒரு சபை பூராவும் என்னைத் திரும்பிப் பாத்துது அம்மிணி. வெங்கிடபதி எந்திரிச்சு நின்னு கையை இப்படி, கீழ பாத்து ஆட்டுனாரு. வெளிய போங்கறாரு. வேற என்ன அர்த்தம் இருக்குது அதுக்கு? நாயைத் தொரத்தற மாதிரி. எந்த மொகத்தை வெச்சுட்டு நான் அங்க உக்காருவேன்? கேமராவைக் கழுத்துல மாட்டுனேன், எந்திரிச்சேன், நடு வழியில நடந்து வெளிய வந்து ஸ்கூட்டரை எடுத்துட்டு வந்துட்டேன். அன்னைக்கு விட்டதுதான். அந்தச் சபை வாசப்படியை அப்பறம் நான் மிதிக்கலை.

இருவது வருசம்! மூஞ்சியைக் காட்டத் தெரியாம இருந்தவங்களுக்கு ஒரு மூஞ்சியைக் குடுத்தவன் நான். அவங்களுக்கு மூஞ்சி வந்துது, எனக்கு "போதும்"னு ஒத்தை வார்த்தை. சத்தம் இடைஞ்சலா இருக்குதுன்னா பாட்டு முடிஞ்சவுடனே கூப்பிட்டுச் சொல்லட்டுமே. "அண்ணா, இன்னைக்கு மட்டும் வேண்டாங்கண்ணா"ன்னு சொல்லியிருந்தா நான் கேக்க மாட்டனா? மைக்குல சொல்லோணுமா?

வெங்கிடபதி போனு மேல போனாப் போட்டாரு. நான் எடுக்கலை. எதுக்குங்க எடுக்கோணும்? சத்தமில்லாத கேமராவா வாங்கிட்டு வாங்கன்னு சொல்லப் போறாரு, அதானே? அதை அவரு வாயால வேற கேக்கோணுமா? ரோசம் வந்துருச்சு எனக்கு. பழசைக் குடுத்துட்டு இந்தப் பிசாசை வாங்குனேன். சத்தமே வராது. கண்ணாடியே இல்லை இதுல. இதை வெச்சுட்டு நாலு பெரிய பாட்டுக்காரங்களை எடுத்து, பேப்பர்ல போட்டு, விஜயகௌரி இல்லாமயும் சென்னியப்பன் இருக்கறான்னு காட்டறேன்னு கெளம்புனேன்.

என்னாச்சு? மொதல் கச்சேரி பொள்ளாச்சியில. வந்து கம்ப்யூட்டர்ல போட்டுப் பாக்கறேன், பாட்டுக்காரரு மூஞ்சி மேல வரி வரியா விழுந்திருக்குது. ஜன்னல் கம்பிக்குப் பின்னாடி உக்காந்து பாடற மாதிரி. இப்ப எல்லா மேடையிலயும் எல்இடி லைட்டுப் போட்டுட்டாங்கல்ல? அது நம்ம கண்ணுக்குத் தெரியாம அணைஞ்சு அணைஞ்சு எரியுது. சத்தமில்லாத ஷட்டரு படத்தை ஒரே மூச்சுல எடுக்காது, மேல இருந்து கீழ வரைக்கும் கொஞ்சம் கொஞ்சமா எடுக்கும். அதுக்குள்ள லைட்டு அணைஞ்சு எரிஞ்சுருது. அதான் வரி.

என்னது? ஷட்டரு வேகத்தை லைட்டுக்குத் தகுந்த மாதிரி நூறுல, நொடியில நூத்துல ஒரு பங்கா வெச்சா வரி கொறையுமா? எனக்குப் பாடம் எடுக்கறீங்களா? நான் கேமரா புடிக்கறப்ப நீங்க பொறந்திருக்கவே மாட்டீங்க. வெச்சேன், வெச்சேன், ரெண்டாவது கச்சேரியில நூறுல வெச்சேன். வரி போயிருச்சு. சரியா? போயிருச்சுதான். அதுக்கும் எனக்கும் ஆகலைன்னு சொன்னேனில்ல, வரிக்காகச் சொல்லலை.

அமுத்துனா தெரிய மாட்டேங்குதுங்க. சமம் வருது, மிருதங்கம் "தொம்"ங்குது, நான் அமுத்தறேன். ஒண்ணுமில்லை. எடுத்தனா எடுக்கலையான்னே தெரியலை. கையில ஒரு அதிர்வு இல்லை, காதுல ஒரு சத்தம் இல்லை. சவத்துப் பக்கத்துல உக்காந்திருக்கற மாதிரி இருந்துது. எல்லாரும் வாசிக்கறாங்க, பாடறாங்க, நான் மட்டும் கல்லு மாதிரி உக்காந்திருக்கறேன். பாதியில எந்திரிச்சு வந்துட்டேன். அதான் விக்கறேன். உங்களுக்கு இந்தக் கெரகமெல்லாம் இருக்காது. நீங்க சத்தமில்லாத கேமராவோடயே வளர்ந்த புள்ளை.

என்ன, அப்படிப் பாக்கறீங்க? நான் தாளம் தப்பிட்டேன்னு நெனைக்கறீங்களா? அதனாலதான் அந்தம்மா நிறுத்துனாங்கன்னு நெனைக்கறீங்களா? அப்படித்தான் ஊரு பூராவும் பேசியிருக்கும். இருங்க, இருங்க. போகப்படாது. என்ற கிட்ட ஆதாரம் இருக்குது. ரிட்டயர்டு போஸ்ட் மாஸ்டர் மயில்வாகனம்னு ஒருத்தரு, எந்தக் கச்சேரிக்கு வந்தாலும் போனை மடியில வெச்சுப் பதிவு பண்ணிக்குவாரு. அவரு அந்தக் கச்சேரியை எனக்கு அனுப்பி வெச்சாரு. "முழுசாக் கேளுங்க"ன்னு ஒரு வரி வேற, குத்திக் காட்டறதுக்கு. நான் முழுசாவெல்லாம் கேக்கலை. "போதும்" வரைக்கும் கேப்பேன், அதோட அணைச்சிருவேன். அது எத்தனை தடவை கேட்டிருப்பேன்னு எனக்கே தெரியாது. அதுக்கு மேல அந்தம்மா பாட்டு எனக்கு எதுக்கு?

இந்தாங்க போனு. புடிங்க. பாட்டுத் தெரியுமில்ல? கையில தாளம் போட்டுட்டே கேளுங்க. ஆதி தாளம்தான். ம், அப்படித்தான். இப்ப வருது பாருங்க... டக். கேட்டுதா? எங்க விழுந்துது? சமத்துலதானே? போடுங்க, போடுங்க, நிறுத்தாதீங்க. டக். எங்கயாச்சும் தப்புதா? சொல்லுங்க அம்மிணி, மனசாட்சியைத் தொட்டுச் சொல்லுங்க. முந்துதா, பிந்துதா?

ஏன் கையை நிறுத்திட்டீங்க?

என்ன? சீடியில கேட்ட சிவக்கொழுந்து அடி மாதிரியே இருக்குதா? அதைத்தானுங்க நானும் சொல்றேன்! அவரு அடி விழுகற எடத்துல, அச்சு அசலா அதே எடத்துல. அவரே உக்காந்திருந்தாக்கூட ஒரு கொறை சொல்லியிருக்க மாட்டாரு. அப்பேர்ப்பட்ட தாளத்தைப் போயி... இந்தா, வருது பாருங்க. "போதும்." கேட்டீங்களா? எத்தனை அகம்பாவம் அந்தக் குரல்ல. குரல் நடுங்குது பாருங்க கோவத்துல. அவ்வளவுதான், அணைச்சிருங்க. குடுங்க இங்க.

நீங்க ஒண்ணு பண்ணுங்க. சனிக்கெழமை போறீங்கல்ல, அந்தம்மா கிட்டச் சொல்லுங்க. சென்னியப்பன் வீட்டுக்கு வந்து, சரசு முன்னாடி, தப்புத்தாங்கண்ணான்னு ஒரு வார்த்தை சொல்லோணும். அது வரைக்கும் அந்தச் சபைக்கு நான் வர மாட்டேன்னு சொல்லுங்க. கேமராவை எடுத்துட்டுப் போங்க, பாதகமில்லை, ஆனா இதைச் சொல்லோணும். உங்களுக்குப் புண்ணியமாப் போகும். நான் ஒண்ணும் ஊரைக் கூட்டிச் சொல்லச் சொல்லலை. எனக்கு மைக்குல ஆன அவமானத்துக்கு வீட்டுக்குள்ள வந்து ஒரு வார்த்தை, அவ்வளவுதானே கேக்கறேன். அது பெரிய...

அணைக்கச் சொன்னேனில்ல? எதுக்கு இன்னும் ஓட விட்டுட்டிருக்கறீங்க? அது வெறும் இரைச்சலு. சேர் இழுக்கற சத்தம். அந்த இருமலு மயில்வாகனத்தோடது, அவருக்கு எப்பவும் இருக்கும். குடுங்கறேன்.

என்னங்க கையைக் காட்டறீங்க? என்ற பேரா? என்ற பேரு எதுக்கு அதுல வருது? சபையில சிரிச்சிருப்பாங்க. சிரிக்காம என்ன பண்ணுவாங்க.

சத்தத்தைக் கூட்டுங்க.

இது அந்தம்மா குரல். மைக்குல இல்லை, தள்ளி நின்னு பேசறாங்க. என்னங்கறாங்க? "அண்ணனை ஏனுங்க அனுப்பிச்சீங்க"ங்கறாங்களா? இது வெங்கிடபதி. "நான் உக்காருங்கன்னுதானுங்கம்மா கையைக் காட்டுனேன்..." பொய். பச்சைப் பொய். எனக்குத் தெரியாதா, உக்காருன்னா எப்படிக் காட்டுவாங்க, போன்னா எப்படிக் காட்டுவாங்கன்னு.

இருங்க. பேசாதீங்க.

"...நான் அவரைச் சொல்லலைங்க. எனக்குத் தாங்கலை, அதான் போதும்னேன். அந்த அடி கேட்டவுடனே அவரு வந்து உக்காந்துட்டாருன்னு நான் திரும்பித் திரும்பிப் பாக்கறேன்..." அழுகறாங்களா? அழுகற மாதிரி இருக்குது. "...போய்க் கூட்டிட்டு வாங்க. சென்னியப்பண்ணன் வந்தாத்தான் நான் மேல பாடுவேன். அந்தச் சத்தமாச்சும் இருக்கட்டும் எனக்கு."

ஓடறாங்க யாரோ. செருப்புச் சத்தம். கதவு.

"வண்டி போயிருச்சுங்கம்மா."

இது எவனோ சேத்த வேலைங்க. இப்பெல்லாம் எவன் குரலை வேணாலும் எப்படி வேணாலும் பண்ணிப்போடறாங்கல்ல, அப்படிப் பண்ணியிருக்கறான். மயில்வாகனத்துக்கு என்னைக் கண்டா ஆகாது. அந்தம்மா அப்படிப் பேசற ஆளே இல்லை. எனக்குத் தெரியாதா அவங்களை? நம்பாதீங்க. நீங்க எதுக்கு அழுகறீங்க? அழுகாச்சியெல்லாம் இங்க வேண்டாம், எனக்குப் புடிக்காது. கண்ணைத் தொடைங்க. கேமராவை எடுத்துட்டுப் போறதுன்னா போங்க, போகலைன்னாலும் போங்க.

சித்தெ இருங்க.

இன்னொருக்கா போடுங்க அதை.